முட்டுச்சந்து இல்லாத சாகசம்: பழைய பாணிக் கணினி விளையாட்டு ஒன்றை உருவாக்கும் முறை

சாகச விளையாட்டு என்று நான் இங்கே சொல்வது, சுடுவதும் ஓடுவதும் இல்லாமல், பார்ப்பது, பேசுவது, எடுப்பது, பொருத்துவது ஆகிய செயல்களைக் கொண்டே கதையை நகர்த்திச் செல்லும் கணினி விளையாட்டுகளைத்தான். 1970களின் நடுவில் வில் கிரவுதர் என்ற நிரலாளர், அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்திலுள்ள மாமத் குகையின் கிளைகளை வெறும் எழுத்துகளால் திரையில் எழுப்பிக் காட்டியதில் இந்த வகை தொடங்கியது. 1980இல் ராபர்ட்டா வில்லியம்ஸும் கென் வில்லியம்ஸும் ‘மிஸ்டரி ஹவுஸ்’ வழியாக அதற்குப் படம் சேர்த்தார்கள். 1987இல் ‘மேனியாக் மேன்ஷன்’, கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் தொல்லையை நீக்கி, திரையிலுள்ள சொற்களையும் பொருள்களையும் சுட்டினாலே போதும் என்றாக்கியது. அடுத்த ஏழெட்டு ஆண்டுகள் இந்த வகையின் பொற்காலம். பிறகு பெரிய நிறுவனங்கள் ஒவ்வொன்றாக இதைக் கைவிட்டன. 2004இல் லூகாஸ்ஆர்ட்ஸ் நிறுவனம், ‘சாம் அண்ட் மேக்ஸ்’ விளையாட்டின் தொடர்ச்சியை உருவாக்கத்தின் நடுவிலேயே நிறுத்தியபோது, இந்த வகை முடிந்துவிட்டதென்றே பலரும் கருதினார்கள்.

அது முடியவில்லை. இன்று ஒருவரோ இருவரோ சேர்ந்து, ஒரு மணி நேரம் விளையாடக்கூடிய சாகச விளையாட்டு ஒன்றைச் சில மாதங்களில் உருவாக்கிவிட முடியும். அதற்கான வழிமுறையை எழுதுவதே என் நோக்கம். ஆனால் வீழ்ச்சியின் காரணத்தை முதலில் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். கீழே சொல்லப்போகும் ஒவ்வொரு படியும் அதிலிருந்துதான் பிறக்கிறது.

வழக்கமாகப் பழி விழுவது 1993இல் வந்த ‘டூம்’ என்ற சுடும் விளையாட்டின் மீதும், அதைத் தொடர்ந்து பெருகிய முப்பரிமாண விளையாட்டுகளின் மீதும்தான். அதில் உண்மை உண்டு. கையால் தீட்டிய பின்னணிகளுக்கும் குரல்பதிவுக்கும் ஆன செலவும் ஒரு காரணம். 1995இல் வெளியான ‘ஃபாண்டாஸ்மகோரியா’ ஏழு குறுந்தகடுகளில் வந்தது. ஆனால் ‘டூம்’ வெளியான அதே 1993இல்தான், துப்பாக்கியே இல்லாத ‘மிஸ்ட்’ விளையாட்டும் வெளியாகி, அறுபது லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. ஆகவே, நிதானமாக உட்கார்ந்து புதிரை யோசிக்கும் பொறுமை மக்களிடம் தீர்ந்துபோகவில்லை. அவர்கள் இழந்தது புதிரை அமைத்தவர் மீதிருந்த நம்பிக்கையை. ‘கிங்ஸ் குவெஸ்ட் 5’ விளையாட்டில் பசித்த நேரத்தில் கையிலிருக்கும் தின்பண்டத்தைத் தவறாகத் தேர்ந்து சாப்பிட்டுவிட்டால், பிறகு பனிமலையில் எதிர்ப்படும் அரக்கனைத் தாண்ட வழியே இருக்காது; அதை முன்கூட்டியே சொல்லும் குறிப்பும் கிடையாது. 1999இல் வந்த ‘கேப்ரியல் நைட் 3’ விளையாட்டில், மோட்டார் சைக்கிளை வாடகைக்கு எடுப்பதற்காக, மீசையே இல்லாத நண்பரைப் போல வேடமிட, பூனையின் முடியைப் பிடுங்கிப் பொய்மீசை ஒட்டிக்கொண்டு, அவருடைய கடவுச்சீட்டுப் படத்திலும் மீசை வரைய வேண்டும். இப்படிப்பட்ட இடங்களில் விளையாடுபவர், “இனி இவர் சொல்வதைக் கேட்டு யோசிப்பதில் பயனில்லை” என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார். நாம் உருவாக்கப்போகும் விளையாட்டு அந்த முடிவுக்கு ஒருமுறைகூட இடம் தரக்கூடாது.

முதல் வேலை, விளையாடிப் பார்ப்பது. ஸ்கம்விஎம் என்ற கட்டற்ற மென்பொருளை இறக்கிக்கொள்ளுங்கள். பழைய சாகச விளையாட்டுகளை இன்றைய கணினியிலும் கைப்பேசியிலும் இயக்குவதற்காகத் தன்னார்வலர்கள் 2001 முதல் வளர்த்துவருவது அது. அதனுடன் ‘பினீத் எ ஸ்டீல் ஸ்கை’ விளையாட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள்; அதை உருவாக்கிய ரெவல்யூஷன் நிறுவனமே 2003இல் இலவசமாக வழங்கிவிட்டது. பக்கத்தில் ஒரு குறிப்பேட்டை வைத்துக்கொண்டு, எங்கெல்லாம் சிக்கி நின்றீர்கள் என்று எழுதுங்கள். ஒவ்வொரு சிக்கலுக்கும் எதிரே காரணத்தையும் எழுத வேண்டும்: பொருள் கண்ணில் படவில்லையா, கண்ணில் பட்டும் அதன் பயன் புரியவில்லையா, அல்லது பயன் புரிந்தும் நீங்கள் செய்த சரியான செயலை விளையாட்டு ஏற்கவில்லையா? முதலாவது படத்தின் குறை, இரண்டாவது குறிப்பின் குறை, மூன்றாவது நிரலின் குறை. இந்த மூன்றையும் பிரித்தறியும் பழக்கம் வந்துவிட்டால், பின்னால் உங்கள் விளையாட்டைத் திருத்தும் வேலை பாதியாகக் குறையும்.

அடுத்தது கதை. இதை முடிவிலிருந்து தொடங்கிப் பின்னோக்கி எழுத வேண்டும். ‘மேனியாக் மேன்ஷன்’, ‘தி சீக்ரெட் ஆஃப் மங்கி ஐலண்ட்’ ஆகியவற்றின் வடிவமைப்பாளரான ரான் கில்பர்ட், எந்தப் புதிர் எந்தப் புதிரைச் சார்ந்து நிற்கிறது என்பதைக் கட்டங்களாகவும் கோடுகளாகவும் வரைந்துகொள்ளும் முறையைப் பரப்பினார். ஓர் எடுத்துக்காட்டோடு பார்ப்போம். சிற்றூர் ஒன்றில் மூடிக் கிடக்கும் சினிமாக் கொட்டகை. அது இடிபடுவதற்கு முந்தைய நாள், ஒரு பெண் தன் தாத்தாவுக்காகப் பழைய படமொன்றின் கடைசி ரீலை ஓட்டிக் காட்ட விரும்புகிறாள். தாளின் அடியில் “ரீல் ஓடுகிறது” என்று எழுதுங்கள். அதற்கு என்னென்ன வேண்டும்? மின்சாரம் வேண்டும், பழைய புரொஜெக்டர் என்பதால் விளக்காக எரிவதற்குக் கார்பன் குச்சி வேண்டும், சரியான ரீல் வேண்டும். மூன்று கோடுகளை மேல்நோக்கி இழுங்கள். மின்சாரத்துக்கு ஃபியூஸ் கட்டையில் கம்பி கட்ட வேண்டும், கம்பிக்கு எலக்ட்ரீசியனின் கடை திறக்க வேண்டும் என்று ஒவ்வொரு கோடும் மேலே கிளைக்கும். மூன்று கோடுகளும் ஒன்றையொன்று சாராமல் ஒரே நேரத்தில் திறந்திருப்பதுதான் இதில் முக்கியம். ஒன்றில் சிக்கியவர் இன்னொன்றுக்குப் போகலாம். அங்கே நடந்துகொண்டிருக்கும்போதே முதல் புதிருக்கான விடை மனத்தில் உதிக்கும். ஒற்றைக் கோட்டில் வரிசையாகப் புதிர்களை அடுக்கினால், ஒரே கதவின் முன் அத்தனை பேரும் நின்றுவிடுவார்கள்.

இனி, ஒரு புதிரை நியாயமாக அமைப்பதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். எல்லாம் தங்கியிருக்கும் இடம் இதுதான். கொட்டகையில் நான்கு ரீல் பெட்டிகள் கிடக்கின்றன, ஒட்டியிருந்த சீட்டுகள் உதிர்ந்துவிட்டன. எது கடைசி ரீல்? கூரை ஓட்டையில் விழும் வெயிலில் ஃபிலிமைப் பிடித்தால் ஒவ்வொன்றிலும் ஒரு காட்சி தெரிகிறது: திருமணம், வழக்குமன்றம், ரயில் நிலையம், எரியும் படகு. டிக்கெட் அறையில் பழைய பாட்டுப் புத்தகம் ஒன்று கிடக்கிறது. அதன் கதைச்சுருக்கத்தில் திருமணமும் வழக்கும் ரயில் பயணமும் வருகின்றன. பிறகு, அந்தக் காலத்துப் பாட்டுப் புத்தகங்கள் முடிவதைப் போலவே, “மீதியை வெள்ளித்திரையில் காண்க” என்று முடிந்துவிடுகிறது. எந்தக் காட்சி புத்தகத்தில் இல்லையோ அதுவே கடைசி ரீல். பாட்டுப் புத்தகத்தையே பார்த்திராத இளைஞருக்கும் இந்தப் புதிர் அவிழும், ஏனெனில் தேவையான எல்லாமே திரைக்குள் இருக்கிறது. விடுகதைக்கும் இதே இலக்கணம்தான். விடை தெரிந்ததும் கேள்வியின் ஒவ்வொரு சொல்லும் அதனோடு பொருந்த வேண்டும், பொருந்தாவிட்டால் கேட்டவர் சண்டைக்கு வருவார்.

இதற்கு எதிர்மாறான எடுத்துக்காட்டு, 1991இல் வந்த ‘மங்கி ஐலண்ட் 2’ விளையாட்டில் இருக்கிறது. அருவியின் குழாயை மூடுவதற்கு, பியானோ வாசிக்கும் குரங்கை மயக்கிக் கொண்டுபோய்த் திருகு கருவியாகப் பயன்படுத்த வேண்டும். அமெரிக்க ஆங்கிலத்தில் ஒருவகைத் திருகு கருவிக்கு ‘மங்கி ரெஞ்ச்’ என்று பெயர். அந்தச் சிலேடைதான் புதிரின் மொத்தச் சாவி. அதை ஸ்பானர் என்றே அழைத்துப் பழகிய பிரிட்டன்காரருக்கும் நமக்கும் அது எட்டவே எட்டாது. நான் மிகவும் நேசிக்கும் விளையாட்டு அது. ஆயினும் அந்த ஓரிடத்தை நியாயப்படுத்த என்னால் இயலாது. தமிழில் எழுதும்போது நமக்கும் இந்த ஆசை வரும். ‘திங்கள்’ என்றால் நிலவும் கிழமையும், ‘ஆறு’ என்றால் நதியும் எண்ணும் என்று சிலேடைகள் நம் மொழியில் கொட்டிக் கிடக்கின்றன. பயன்படுத்துங்கள், ஆனால் அந்த இரண்டாவது பொருளைப் புதிருக்கு முன்பே ஏதாவதொரு பாத்திரத்தின் பேச்சில் காதில் போட்டுவிடுங்கள். வட்டாரச் சொற்களுக்கும் இது பொருந்தும். நாகர்கோவிலில் எல்லாரும் அறிந்த சொல் யாழ்ப்பாணத்திலோ கோலாலம்பூரிலோ புதிர் மேல் புதிராகிவிடலாம்.

புதிர்கள் தாளில் அமைந்தபின் முட்டுச்சந்துகளை, அதாவது விளையாட்டை முடிக்க வழியே இல்லாமல் சிக்கிவிடும் இடங்களைத் தேடுங்கள். விளையாட்டிலுள்ள ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே, அது வீணாகவோ, தின்னப்படவோ, கைவிடப்படவோ முடியுமா என்று எழுதுங்கள். முடியும் என்றால், அதை மீண்டும் பெறும் வழி இருக்க வேண்டும்; இல்லையென்றால், “இது எனக்குத் தேவைப்படும்” என்று பாத்திரமே மறுத்துவிட வேண்டும். கதவு மூடிவிடும் இடங்களிலும் இதே சோதனை வேண்டும்: அந்த அறையிலிருந்து எடுத்திருக்க வேண்டியதை எடுக்காமல் வெளியேற வழியிருக்கக்கூடாது.

தவறான முயற்சிகளுக்கான பதில்களை எழுதுவது அலுப்பூட்டும் வேலை. ஆனாலும் அதில் சிக்கனம் வேண்டாம். ஃபியூஸ் கட்டையில் ஒருவர் கார்பன் குச்சியைப் பொருத்த முயன்றால், “அது முடியாது” என்ற பொதுப் பதில் அவரைத் தண்டிக்கிறது. “குச்சி இங்கே பொருந்தாது, இந்த இரண்டு திருகுகளுக்கும் நடுவே மெல்லிய கம்பி ஏதோ இருந்த தடம் தெரிகிறது” என்ற பதில் அவரை ஒரு படி முன்னே நகர்த்துகிறது. பத்து பொருள்களும் இருபது இடங்களும் உள்ள சிறு விளையாட்டுக்கே இருநூறு பதில்கள் தேவைப்படும். அத்தனையும் எழுத நேரமில்லையென்றால், விளையாடுபவருக்குத் தோன்றக்கூடிய ஐம்பதையாவது எழுதுங்கள்.

எஞ்சின், அதாவது விளையாட்டைக் கட்டி இயக்க உதவும் அடிப்படை மென்பொருள், விஷயத்தில் நீண்ட ஆராய்ச்சி தேவையில்லை. கிறிஸ் ஜோன்ஸ் தொடங்கிய அட்வென்ச்சர் கேம் ஸ்டுடியோ இலவசமாகக் கிடைக்கிறது. இந்த வகைக்கென்றே அமைந்தது என்பதால் நடப்பது, பேசுவது, பொருட்பை எல்லாம் அதில் முன்பே இருக்கின்றன. வாட்ஜட் ஐ நிறுவனத்தின் ‘பிளாக்வெல்’ தொடரும், 2012இல் வந்த ‘ப்ரைமோர்டியா’வும் அதில் உருவானவைதான். தமிழில் செய்பவர்கள் மட்டும் ஒரு சோதனையை முதல் நாளே செய்துவிட வேண்டும்: “கொட்டகை” என்ற சொல்லைத் திரையில் காட்டிப் பாருங்கள். பல எஞ்சின்களில் எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் வசதி இல்லாததால், கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நிற்கும். கோடோ எஞ்சினின் 4ஆம் பதிப்பு இதைச் சரியாகக் கையாள்கிறது. ஆனால் சாகச விளையாட்டுக்கான அடிப்படைகளை நீங்களே கட்டவோ, பிறர் எழுதிய நீட்சிகளைச் சேர்க்கவோ வேண்டியிருக்கும். ஆறு மாதம் உழைத்தபின் எழுத்து உடைவதைக் கண்டுபிடிப்பதைவிட, முதல் நாளில் கண்டுபிடிப்பது எவ்வளவோ நல்லது.

அளவைச் சிறிதாக வைத்துக்கொள்ளுங்கள். 2012இல் டிம் ஷேஃபரின் டபுள் ஃபைன் நிறுவனம் பழைய பாணிச் சாகச விளையாட்டு ஒன்றுக்காக மக்களிடம் 4 லட்சம் டாலர் கேட்டது; 33 லட்சத்துக்கு மேல் குவிந்தது. மறுமலர்ச்சியின் தொடக்கமாகவே அந்நாள் இன்றும் பேசப்படுகிறது. ஆயினும் பணம் பெருகியதோடு திட்டமும் பெருகியதால், ‘புரோக்கன் ஏஜ்’ என்ற அந்த விளையாட்டை 2014இலும் 2015இலுமாக இரண்டு பாகங்களாக வெளியிட வேண்டியதாயிற்று. ஆறு இடங்கள், ஐந்து பாத்திரங்கள், ஏழெட்டு புதிர்கள் என்பது முதல் முயற்சிக்குப் போதுமான எல்லை.

பின்னணிகளை இப்போதே தீட்ட வேண்டாம். பென்சில் கோடுகளை ஸ்கேன் செய்து வைத்தே முழு விளையாட்டையும் முதலில் ஓடவிடுங்கள். பிறகு ஒருவரை உட்காரவைத்து, நீங்கள் அவர் பின்னால் வாய் திறக்காமல் உட்காருங்கள். இது கடினம், நண்பர் ஒருவர் என் திரையில் ஒரே கதவை நாற்பது நிமிடம் சுற்றிவந்ததைப் பார்த்தபோது, விடையைச் சொல்லாமல் இருப்பதற்கு நான் அறையை விட்டே வெளியேற வேண்டியிருந்தது. ஆனால் அந்த நாற்பது நிமிடங்களில் அவர் தொட்ட ஒவ்வொன்றும் எனக்குக் குறிப்பாயிற்று. அடுத்த வாரமே அந்தக் கதவுக்கு அருகில் ஒரு வாக்கியத்தைச் சேர்த்தேன், அதற்குப் பிறகு அங்கே யாரும் நிற்கவில்லை. ஒவ்வொரு திருத்தத்துக்குப் பின்னும் புதிய ஆளே வேண்டும், ஏனெனில் ஏற்கெனவே விளையாடியவருக்கு விடை தெரியும்.

அப்படியும் சிக்குபவர்களுக்கு, விளையாட்டுக்கு உள்ளேயே உதவி வையுங்கள். 1980களில் இன்ஃபோகாம் நிறுவனம் கண்ணுக்குத் தெரியாத மையில் அச்சிட்ட உதவிப் புத்தகங்களை விற்றது. தனிப் பேனாவால் தீட்டினால்தான் ஒரு வரி தெரியும், அது போதாவிட்டால் அடுத்த வரியைத் தீட்டலாம். 2022இல் வந்த ‘ரிட்டர்ன் டு மங்கி ஐலண்ட்’ அதே நயத்தோடு ஓர் உதவிப் புத்தகத்தைக் கதாநாயகனின் பையிலேயே வைத்தது. நம் கொட்டகைக் கதையில் தாத்தாவே அந்தப் புத்தகமாகலாம்: முதல்முறை கேட்டால் “பாட்டுப் புத்தகத்தில் கதை முழுக்க இருக்காதம்மா” என்பார், இரண்டாம் முறை “எது அதில் இல்லையென்று பார்த்தாயா?” என்பார், மூன்றாம் முறை படகு எரிந்த கதையை அவரே சொல்லத் தொடங்குவார்.

தாத்தாவிடம் மூன்றாம் முறை கேட்காமலேயே ஐந்து புதியவர்கள் அடுத்தடுத்துக் கடைசி ரீலை ஓட்டிவிட்டால், புதிர்களில் இனிக் கை வைக்காதீர்கள். பென்சில் கோடுகளை எடுத்துவிட்டு வண்ணம் தீட்டத் தொடங்கலாம்.