12 நல்ல மதிப்பெண்ணா? ஏஎல் முறையைப் பெற்றோருக்கு விளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரில் தொடக்கநிலை 6 முடிவில் எழுதி, உயர்நிலைப் பள்ளி இடத்தை முடிவுசெய்யும் பிஎஸ்எல்இ தேர்வுக்கு, டி-ஸ்கோர் என்ற பழைய மதிப்பெண் முறை போய் ஏஎல் (அடைவுநிலை) முறை வந்தது 2021இல். ஆண்டுகள் ஓடிவிட்டன. ஆனாலும் தொடக்கநிலை 5 பெற்றோர் கூட்டம் என்றால் இன்னமும் அதே கேள்விகள்தான். பெற்றோருக்குப் புரியவில்லை என்று அலுத்துக்கொள்கிறோம். பாதிக் குழப்பம் நாம் விளக்கும் விதத்தில் இருக்கிறது. ஆசிரியர், பெற்றோர் ஆதரவுக் குழு, அடுத்த வீட்டுக்காரருக்குச் சொல்லிக்கொடுக்கும் அக்கா என்று யாராக இருந்தாலும் இந்தத் தவறுகள் பொதுவானவை.

பெரிய தவறு, பழைய எண்ணைப் புதிய எண்ணாக மாற்றிக் காட்டுவது. “அந்தக் காலத்து 250 என்றால் இப்போது எத்தனை?” என்று யாராவது கேட்பார்கள். உடனே ஒருவர் வாட்ஸ்அப்பில் வந்த அட்டவணையை எடுத்து நீட்டுவார். அங்கேயே கதை கெட்டுவிடும். டி-ஸ்கோர், ஒரு பிள்ளை மற்ற பிள்ளைகளுக்கு நடுவில் எங்கே நிற்கிறது என்று சொன்ன எண். தமிழில் 85 எடுத்திருந்தாலும், அந்த ஆண்டு மற்றவர்கள் எப்படி எழுதினார்கள் என்பதைப் பொறுத்து அதன் மதிப்பு ஏறும், இறங்கும். ஏஎல்லில் 85 எடுத்தால் ஏஎல் 2. பக்கத்து மேசைப் பிள்ளை 95 எடுத்தாலும் சரி, 50 எடுத்தாலும் சரி, அது மாறாது. அடிப்படையே வேறு என்னும்போது ஒன்றை இன்னொன்றாக மாற்ற வழியில்லை. பழைய முறையில் ஒரே 250 வாங்கிய இரண்டு பிள்ளைகளுக்குப் புதிய முறையில் வேறு வேறு மொத்தம் வரலாம். இதை முதலில் சொல்லிவிட்டால் மீதியை விளக்குவது சுலபம்.

அடுத்தது, கணக்குப் போட்டுக் காட்டாமல் தத்துவம் பேசுவது. “முழுமையான வளர்ச்சி”, “மன உளைச்சல் குறையும்” என்று பத்து நிமிடம் போனால் பின்வரிசையில் கைப்பேசி வெளியே வந்துவிடும். பலகையில் நான்கு பாடங்களை எழுதுங்கள். ஆங்கிலம் 78, கணிதம் 91, அறிவியல் 72, தமிழ் 86. 90உம் அதற்கு மேலும் ஏஎல் 1. 85 முதல் 89 வரை 2. 80 முதல் 84 வரை 3. 75 முதல் 79 வரை 4. 65 முதல் 74 வரை 5. 45 முதல் 64 வரை 6. 20 முதல் 44 வரை 7. அதற்கும் கீழே 8. இந்தப் பிள்ளைக்கு 4, 1, 5, 2. மொத்தம் 12. ஆகச் சிறந்தது 4, கடைசி 32. அப்புறம் ஒவ்வொருவரையும் தங்கள் பிள்ளையின் மதிப்பெண்ணை ஒரு தாளில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். யாரும் யாருக்கும் காட்ட வேண்டியதில்லை.

எண் குறையக் குறைய நல்லது என்பதை ஒரு தடவை சொன்னால் போதாது. நம் வீடுகளில் மதிப்பெண் என்றால் கூடினால்தான் கொண்டாட்டம். ஊரிலிருந்து தொலைபேசியில் பேசும் தாத்தாவிடம் பேத்தி மொத்தம் 8 வாங்கியிருக்கிறாள் என்று சொல்லிப் பாருங்கள், மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சே வராது.

“இனி ஒரு மதிப்பெண் வித்தியாசத்துக்குக் கவலைப்படத் தேவையில்லை” என்ற வாக்குறுதியும் வேண்டாம். அதில் பாதிதான் உண்மை. 66 எடுத்தாலும் 73 எடுத்தாலும் ஏஎல் 5 என்பது நிஜமான ஆறுதல். ஆனால் 84க்கும் 85க்கும் நடுவில் ஒரு கோடு இருக்கிறது. 64க்கும் 65க்கும் நடுவில் இன்னொன்று. கூட்டத்தில் கணக்குத் தெரிந்த ஓர் அப்பா இருந்தால் அரை நிமிடத்தில் இதைப் பிடித்துவிடுவார். அதன்பின் நீங்கள் சொல்லும் எதையும் அவர் நம்ப மாட்டார். கோடுகள் இருக்கின்றன, முன்பைவிடக் குறைவு என்று நேராகச் சொல்லிவிடலாம். முன்பு இருநூறுக்கும் மேற்பட்ட மொத்த மதிப்பெண்கள். இப்போது 29 மட்டுமே.

மொத்தங்கள் குறைந்தால் ஒரே எண்ணில் பலர் நிற்பார்கள். உயர்நிலைப் பள்ளியில் கடைசி இடத்துக்குப் போட்டி வந்தால் என்ன நடக்கும்? பல விளக்கங்கள் இந்த இடத்தில் மழுப்புகின்றன. முதலில் குடியுரிமை பார்க்கப்படும்: குடிமக்கள், அப்புறம் நிரந்தரவாசிகள், அப்புறம் வெளிநாட்டு மாணவர்கள். அடுத்து, அந்தப் பள்ளியை எத்தனையாவது விருப்பமாகப் போட்டிருக்கிறார்கள் என்பது. அதுவும் சமமானால் கணினிக் குலுக்கல். நம் சமூகத்தில் நிரந்தரவாசிக் குடும்பங்கள் நிறைய. ஆறு பள்ளிகளை எந்த வரிசையில் போடுவது என்று முடிவெடுக்க இந்த விவரம் அவர்களுக்குக் கட்டாயம் வேண்டும். சங்கடமாக இருக்கிறது என்று விட்டுவிட்டால், முடிவு வந்த பிறகு அதைவிடப் பெரிய சங்கடம் காத்திருக்கும்.

வழக்கமான தமிழைவிடக் கடினமான பாடமான உயர்தமிழ் பற்றி ஒரு தவறான நம்பிக்கை சுற்றி வருகிறது. சீன நண்பர்கள் உயர்சீனத்தால் பள்ளி நுழைவில் சலுகை கிடைக்கும் என்று சொல்லக் கேட்டு, உயர்தமிழுக்கும் உண்டு என்று நினைத்துக்கொள்கிறார்கள். அந்தச் சலுகை, சீன மொழிக்கும் பண்பாட்டுக்கும் முக்கியத்துவம் தரும் சிறப்பு உதவித் திட்டப் பள்ளிகளுக்கு மட்டும் உரியது. உயர்தமிழ் மதிப்பெண் நான்கு பாட மொத்தத்தில் சேராது. உயர்நிலையில் உயர்தமிழ் தொடர அது உதவும். தமிழ் மேல் உள்ள ஆசையில் இதை ஊதிப் பெரிதாக்கும் ஆசிரியர்களும் உண்டு. ஆசை நல்லதுதான், தகவலும் சரியாக இருக்க வேண்டும்.

வழக்கமானதைவிட எளிதான அடிப்படை நிலைப் பாடம் எடுக்கும் பிள்ளைகளின் பெற்றோரை மறந்துவிடுவது எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. அவர்கள் அரங்கில் உட்கார்ந்திருப்பார்கள், ஒரு வரிகூட அவர்களுக்கு இருக்காது. அடிப்படை நிலையில் 75உம் அதற்கு மேலும் எடுத்தால் ஏ கிடைக்கும்; மொத்தத்தில் அது ஏஎல் 6 ஆகக் கணக்காகும். 30 முதல் 74 வரை பி, அது 7. அதற்குக் கீழே சி, அது 8. வீட்டில் 80 என்று பார்த்துவிட்டு வந்த அம்மாவுக்கு 6 என்பது இடி. கூட்டத்தில் பொதுவாக ஒரு முறை சொல்லிவிட்டு, முடிந்ததும் தனியாக ஒரு கால் மணி நேரம் ஒதுக்குங்கள்.

கீழ் வகுப்புகளுக்கு வேறு சிக்கல். 2019 முதல் தொடக்கநிலை 1, 2இல் மதிப்பெண் கணக்கில் சேரும் தேர்வுகள் கிடையாது. தேர்ச்சி அறிக்கையில் வகுப்பு நிலையும் கிடையாது. 2023க்குள் அரையாண்டுத் தேர்வுகளும் எல்லா வகுப்புகளிலும் நின்றுவிட்டன. இதை “தேர்வே இல்லை” என்று சுருக்கினால், ஒரு வீட்டில் புத்தகம் மூடப்படும், இன்னொரு வீட்டில் பிள்ளை டியூஷன் நிலையத்தின் மாதிரித் தேர்வில் உட்காரும். என்ன போய்விட்டது என்பதோடு, அந்த இடத்தில் ஆசிரியர் எதைப் பார்க்கிறார் என்றும் காட்ட வேண்டும். பிள்ளை வாய்விட்டு வாசித்ததைக் கேட்டு ஆசிரியர் எழுதிய குறிப்பு ஒன்றைக் காட்டினாலே போதும். “சும்மா சொல்லுங்க டீச்சர், வகுப்பில் எத்தனாவது?” என்று ஓரமாக வந்து கேட்பவருக்குக் கண்ணைச் சிமிட்டி “முதல் பத்துக்குள்” என்று சொல்லிவிடாதீர்கள். மறுநாளே எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

கடைசியாக, 2024இல் உயர்நிலை 1க்குப் போனவர்களிலிருந்து விரைவுநிலை (எக்ஸ்பிரஸ்), வழக்கநிலைப் பிரிவுகள் இல்லை. பிஎஸ்எல்இ மொத்தத்தை வைத்துப் பிள்ளைகளைச் சேர்க்கும் மூன்று குழுக்களில் மேலானதான மூன்றாம் சேர்க்கைக் குழுவை “எக்ஸ்பிரஸ்தான், பேர் மட்டும் வேறு” என்று விளக்குவது வசதியாக இருக்கும். ஆனால் இப்போது பிள்ளைகள் கலந்த வகுப்பில் உட்கார்ந்து, ஒவ்வொரு பாடத்தையும் தங்களுக்கு ஏற்ற நிலையில் படிக்க முடியும். மொத்தம் 23 வாங்கி மூன்றாம் குழுவில் சேர முடியாவிட்டாலும், கணிதத்தில் ஏஎல் 5 எடுத்த பிள்ளை, அந்தப் பாடத்தை மேல் நிலையில் எடுக்கலாம். பழைய பெயரைச் சொல்லிவிட்டால் அந்த வாய்ப்பைப் பற்றிக் கேட்கவே பெற்றோருக்குத் தோன்றாது.