புது காருக்கு வீட்லயே செராமிக் கோட்டிங் போடப் போறீங்களா?

கார் புக் பண்ணினா ஷோரூம்லயே கோட்டிங் பேக்கேஜ் ஒண்ணு நீட்டுவாங்க. அத வாங்குறீங்களோ இல்லையோ, டெலிவரிக்கு முந்தின நாளே "வண்டிய கழுவ வேணாம், துடைக்க வேணாம், தூசியோட அப்படியே குடுங்க"ன்னு சொல்லிருங்க. நான் சொல்லாம விட்டேன். கறுப்பு வண்டி, பூஜை போட்டு எலுமிச்சம்பழம் ஏத்தி ஓட்டிட்டு வந்து ராத்திரி போன் டார்ச் அடிச்சு பாத்தா பானெட் முழுக்க சிலந்தி வலை மாதிரி பொடிக்கோடு, காஞ்ச துணில தேச்சிருக்காங்க.

கோட்டிங்னா என்னன்னு முதல்ல தெளிவாயிடுங்க. காரோட க்ளியர் கோட்டே (பெயிண்டுக்கு மேல இருக்குற நிறமில்லாத பூச்சு) சுமார் 40-50 மைக்ரான் தான், தலைமுடிய விட மெல்லிசு, அதுக்கு மேல நாம போடுறது 1 இல்ல 2 மைக்ரான் சிலிக்கா. பாட்டில்ல 9எச்னு போட்டிருக்கறது பென்சில் வெச்சு கீறிப் பாக்குற டெஸ்ட், சாவியால எவனாவது இழுத்தா அதெல்லாம் தாங்காது. கல் அடிக்கு பிபிஎஃப் தான், அதாவது பெயிண்ட் மேல ஒட்டுற தடிமனான ப்ளாஸ்டிக் ஃபிலிம். இதுல கிடைக்கிறது பளபளப்பு, அழுக்கு சுலபமா போறது, வெயிலுக்கும் காக்கா எச்சத்துக்கும் கொஞ்சம் தாக்குப்பிடிக்கிறது, அவ்ளோ தான்.

வேலையில முக்கால்வாசி கோட்டிங்குக்கு முன்னாடி. ஷாம்பு போட்டு கழுவுங்க, அப்புறம் அயர்ன் ரிமூவர் அடிங்க, இரும்புத் துகள் இருக்குற இடத்துல ஊதா கலர்ல வழியும். கழுவிட்டு ஒரு மெல்லிசு பாலிதீன் கவருக்குள்ள கைய விட்டு பெயிண்ட் மேல தடவிப் பாருங்க, வெறும் கைக்கு வழவழன்னு இருந்த இடம் இப்ப ரவை மாதிரி நறநறங்கும். அங்க க்ளே பார் (ஒட்டியிருக்குற துகள இழுத்து எடுக்குற களிமண் மாதிரி கட்டி) போட்டு தேய்ங்க, ஷாம்பு தண்ணி தாராளமா விட்டு, அழுத்தாம. கோடு இருந்தா பாலிஷ் போட்டு எடுத்துடணும், இல்லன்னா கோட்டிங்குக்கு அடியில அது பாட்டுக்கு கிடக்கும். கடைசியா ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் கலந்த பேனல் வைப்ங்கற திரவத்தால துடைச்சு எண்ணெய்ப் பசை இல்லாம பண்ணுங்க.

நிழல்ல, விடிகாலைல, பேனல் தொட்டா ஜில்லுன்னு இருக்கும்போது போடுங்க. ரெண்டுக்கு ரெண்டு அடி இடமா எடுத்து நெடுக்க ஒரு தடவ குறுக்க ஒரு தடவ தடவினா கொஞ்ச நேரத்துல ரோட்டு மழைத்தண்ணில பெட்ரோல் சிந்தின மாதிரி வானவில் கலர் வரும், அப்பத்தான் துடைக்கணும், ஒரு துணில எடுத்துட்டு இன்னொரு துணில ஃபினிஷ். எவ்ளோ நேரம்னு பாட்டில்ல இருக்கும், ஆனா சென்னை மாதிரி ஈரக்காத்துக்கு அதுக்கு முன்னாடியே செட் ஆகிடுது, அதனால கடிகாரத்த பாக்காதீங்க, கலர பாருங்க. பக்கத்துல ஒரு ஆள் டார்ச் புடிக்கட்டும், விட்டுப்போன இடம் காஞ்சு திட்டா நின்னா திரும்ப பாலிஷ் தான். துடைச்ச துணிய தூக்கிப் போட்டுருங்க, காஞ்சா அதுவே உப்புத்தாள்.

24 மணி நேரம் தண்ணி படக்கூடாது, ஒரு வாரம் ஷாம்பு வேணாம்.

அப்புறம் போர் தண்ணி. கோட்டிங் போட்ட வண்டில தண்ணி முத்து முத்தா நிக்கும், பாக்க அழகு தான், வெயில்ல காஞ்சா ஒவ்வொரு முத்தும் ஒரு வெள்ளைப் புள்ளி. கழுவின கையோட ஒத்தி எடுத்துருங்க. ஆர்ஓ வேஸ்ட் தண்ணில கழுவுறவங்களும் இருக்காங்க, அதுல உப்பு இன்னும் ஜாஸ்தி. புள்ளி விழுந்துட்டா வினிகர்ல பாதிக்கு பாதி தண்ணி கலந்து ஒரு நிமிஷம் ஊற விட்டு அலசுங்க.

அப்பார்ட்மெண்ட்ல தினமும் கார் துடைக்கிற அண்ணன்கிட்டயும் சொல்லி வைக்கணும், ஒரே பக்கெட் ஒரே துணில பத்து வண்டி துடைப்பாரு. மாசக் காசு அதே தாண்ணே, கண்ணாடியும் டயரும் மட்டும் பண்ணுங்கன்னு நான் சொன்னதுக்கு ஒரு மாதிரி பாத்தாரு, இப்ப டயர் மட்டும் பளபளன்னு இருக்கு.