கமிட் போட்டதும் கர்சர் காணாம போச்சு, சரி பண்ண விதம்

போஸ்ட்கிரஸ்ங்கற டேட்டாபேஸ்ல பழைய பில் டேபிள கர்சர் (ரிசல்ட்ட மொத்தமா எடுக்காம கொஞ்சம் கொஞ்சமா எடுக்கற வசதி) வச்சு 1000 ரோ 1000 ரோவா எடுத்து அப்டேட் பண்ணி கமிட் (மாத்தினத நிரந்தரமா சேவ் பண்றது) போட்டுட்டு இருந்தேன், மொத 1000 ஒழுங்கா வந்துச்சு, அடுத்த 1000 எடுக்கற ஃபெட்ச்லயே அப்படி ஒரு கர்சரே இல்லைனு எரர். பேர்லதான் ஸ்பெல்லிங் தப்போன்னு ரெண்டு நாள் தேடினேன். விஷயம் என்னன்னா, சும்மா டிக்ளேர் போட்டு கர்சர திறந்தா அதோட ஆயுசு அந்த ட்ரான்சாக்ஷனோட, அதாவது கமிட் போட்டதுமே, முடிஞ்சிடும். கர்சர்ங்கற வார்த்தைக்கு அப்புறம், ஃபார் செலக்ட்டுக்கு முன்னாடி வித் ஹோல்ட்னு சேர்த்தேன், ஓடிருச்சு. திறக்கும்போதே ஆயுச சொல்லிடற இந்த சின்டாக்ஸ் எனக்கு ரொம்ப புடிச்சிருக்கு, படிக்கிறவனுக்கு அந்த ஒரு வரியிலயே எல்லாம் தெரிஞ்சிடுது. ஆனா மொத கமிட் மட்டும் நேரம் எடுக்கும், ஏன்னா மொத்த ரிசல்ட்டையும் அப்பதான் தனியா காப்பி எடுத்து வச்சுக்குது. வேலை முடிஞ்சதும் மறக்காம க்ளோஸ் போடுங்க, இல்லைன்னா செஷன் (டேட்டாபேஸோட இருக்கற கனெக்ஷன்) முடியற வரைக்கும் அது அங்கயே கிடக்கும்.