ஸ்ட்ராஸ்பர்க் போகும் முன்: உள்நாட்டில் முடிக்க வேண்டியவை

பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க்கில் இருக்கும் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தில் மனு போடக் கட்டணம் இல்லை. தொடக்கத்தில் வக்கீலும் கட்டாயமில்லை. ஆனாலும் பெரும்பாலான மனுக்கள் ஏற்கப்படுவதே இல்லை. உள்நாட்டில் இருக்கும் வழிகளை முடித்துவிட்டு வரச் சொல்லும் ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையின் 35ஆம் பிரிவில் பலர் சறுக்குகிறார்கள்.

1. கடைசிப் படி எது என்று பாருங்கள்

விசாரணை நீதிமன்றம், மேல்முறையீடு, உச்ச நீதிமன்றம். இதோடு முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். ஜெர்மனியில் அதற்கு மேலும் அரசியலமைப்பு நீதிமன்றம் இருக்கிறது. துருக்கியிலும் 2012 முதல் தனிநபர் அங்கே மனு போடலாம். அந்தப் படியைத் தாண்டிக் குதித்தால் மனு திரும்பிவிடும்.

2. உரிமையை முதல் மனுவிலேயே எழுதுங்கள்

வழக்கின் தலைவிதி இங்கேதான் முடிவாகிறது. வீட்டை இடித்துவிட்டார்கள் என்று வையுங்கள். உள்நாட்டில் "இழப்பீடு குறைவு" என்று மட்டும் வாதாடிவிட்டு, ஸ்ட்ராஸ்பர்க்கில் "குடியிருக்கும் உரிமை பறிபோனது" என்றால் எடுபடாது. உடன்படிக்கையின் பிரிவு எண்ணைச் சொல்லாவிட்டாலும், குறையின் சாரத்தைச் சொல்லியே ஆக வேண்டும். 1991இல் கார்டோ எதிர் பிரான்ஸ் வழக்கு விழுந்தது இதனால்தான்: சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்ய முடியவில்லை என்ற குறையை அவர் பிரெஞ்சு நீதிமன்றங்களில் உரியபடி எழுப்பவில்லை.

கீழ் நீதிமன்றத்தில் சொன்னது போதாது. ஒவ்வொரு மேல்முறையீட்டிலும் அதே குறை வர வேண்டும். உள்ளூர்க் கெடுவைத் தவறவிட்டு மேல்முறையீடு தள்ளுபடியானால், அந்த வழியை முடித்ததாகக் கணக்கில்லை.

3. விலக்கு உண்டு, ஆதாரம் வேண்டும்

"போனாலும் ஜெயிக்காது" என்ற சந்தேகம் மட்டும் காரணமாகாது. அதே பிரச்சினையில் வந்த தோல்வித் தீர்ப்புகள், பதிலே வராத புகார்களின் நகல்கள் போன்றவற்றைக் காட்டுங்கள். அக்டிவார் எதிர் துருக்கி வழக்கில் (1996), வீடுகள் எரிக்கப்பட்ட கிராமத்தினர் உள்நாட்டு வழிகளை முடிக்காமல் வந்தபோதும், அங்கிருந்த நிலைமையைப் பார்த்து நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அமெரிக்கக் கண்டங்களுக்கான மனித உரிமை உடன்படிக்கையின் 46ஆம் பிரிவு, நியாயமற்ற தாமதத்தையும் விலக்காக எழுதியே வைத்திருக்கிறது.

4. நான்கு மாதம், ஒரு நாள்கூடத் தாண்டக் கூடாது

உள்நாட்டின் இறுதித் தீர்ப்புக்குப் பின் ஸ்ட்ராஸ்பர்க்கில் மனு போட முன்பு ஆறு மாதம். 2022 பிப்ரவரி 1 முதல் நான்கு. இறுதித் தீர்ப்பு மார்ச் 10 அன்று கைக்கு வந்தால் கெடு ஜூலை 10. அது ஞாயிற்றுக்கிழமையானாலும் திங்களுக்குத் தள்ளாது. மறுவிசாரணை மனு போட்டுவிட்டுக் காத்திருப்பதும், குறைதீர்ப்பாளரின் பதிலுக்குக் காத்திருப்பதும் பொதுவாகக் கெடுவை நிறுத்தாது. நல்ல வழக்குகள் இப்படித்தான் வீணாகின்றன.

5. அனுப்பும்போது

நீதிமன்றத்தின் படிவத்தை முழுவதும் நிரப்பி, கையெழுத்திட்ட மூலப்படிவத்தைத் தபாலில் அனுப்புங்கள். தபால் முத்திரைத் தேதிதான் கணக்கு. ஒரு பெட்டி காலியாக இருந்தாலும் படிவம் நிராகரிக்கப்படலாம், அதற்குள் கெடுவும் ஓடிவிடும். எல்லா மட்டத் தீர்ப்புகளையும், உங்கள் மேல்முறையீட்டு மனுக்களையும் தேதி வரிசையில் எண்ணிட்டு இணையுங்கள். இணைப்புகளுக்கு நகல்கள் மட்டும் போதும், அசல் திரும்ப வராது. தாள்களை ஸ்டேப்பிள் செய்யவும் வேண்டாம்.