பாம்புக்கடி சுவரொட்டி: முதன்முதலாகச் செய்பவர்களுக்கு

மேட்டூர் திறந்து, தண்ணீர் வெண்ணாற்றில் இறங்கி, எங்கள் மன்னார்குடிப் பக்கம் நடவு தொடங்கிவிட்டால் வரப்பில் பாம்பு நடமாட்டமும் தொடங்கிவிடும். அறுவடையானதும் வைக்கோல் போருக்கு எலி வரும், எலிக்குப் பின்னால் அதுவும் வரும். வயல் வேலைக்குப் போகிறவர்களுக்காக ஏ3 தாளில் (297 × 420 மி.மீ.) ஒரு சுவரொட்டி செய்வதை இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். ஓவியம் வரையத் தெரிய வேண்டியதில்லை. கணினியில் இங்க்ஸ்கேப் என்ற வரையும் மென்பொருள் இருந்தால் போதும், அது இலவசம்.

1. எதை விடுவது என்று முடிவு செய்யுங்கள்

எல்லாரும் முதலில் செய்வது நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கையும் அழகாக வரைந்து பெயர் எழுதுவது. நானும் செய்தேன். பிறகு அழித்தேன். இங்கே கொடுக்கப்படும் விஷமுறிவு மருந்து இந்த நான்குக்கும் பொதுவானது. கடித்தது எது என்று கண்டுபிடிக்கவும் வேண்டாம், அடித்துப் பையில் போட்டுக்கொண்டு ஓடவும் வேண்டாம். பாம்புப் படங்களை எடுத்ததும் தாளில் பாதி காலியானது. அந்த இடம் முழுக்க 108 என்ற மூன்று இலக்கங்களுக்கு.

மிஞ்ச வேண்டியவை நான்கே செய்திகள்: பதறாமல் படுக்க வைப்பது, வீங்குவதற்குள் மெட்டி, கொலுசு, வளையல், மோதிரத்தைக் கழற்றுவது, கடிபட்ட கையோ காலோ அசையாமல் ஆளைத் தூக்கிப்போவது, அரசு மருத்துவமனை. கட்டுவிரியன் இரவில் தரையில் படுத்திருப்பவரைக் கடித்தால் வலியும் தடமும் தெரியாமலே போகலாம். அதனால் 'வலி இல்லாவிட்டாலும் போங்கள்' என்று ஒரு வரி கட்டாயம்.

2. ஊர்ப் பேச்சில் எழுதுங்கள்

'அரவம் தீண்டினால் மேற்கொள்ள வேண்டிய முதலுதவி வழிமுறைகள்' என்று எழுதினால் யாரும் நின்று படிக்க மாட்டார்கள். பொழுது சாய்ந்தபின் இங்கே பாம்பு என்று வாய்விட்டே சொல்ல மாட்டார்கள், 'பூச்சி' என்பார்கள். என் தலைப்பு: 'பூச்சி கடிச்சிருச்சா? உடனே 108.'

தமிழில் இன்னொரு சிக்கல் உண்டு. 'கட்டாதீர்கள்' என்ற சொல்லில் மறுப்பு நடுவில் ஒளிந்திருக்கிறது. எழுத்துக் கூட்டிப் படிப்பவர் 'கட்டு' வரை வந்ததும் புரிந்துவிட்டதாக நினைத்து நிறுத்திவிடுவார். மறுப்பைத் தனிச் சொல்லாக்குங்கள்: 'கயிறு வேண்டாம். பிளேடு வேண்டாம். வாயால் உறிஞ்ச வேண்டாம்.'

3. சரியானதை மட்டும் வரையுங்கள்

இந்தப் படியில்தான் நான் நன்றாகச் சறுக்கினேன். காலில் கயிறு இறுக்கிக் கட்டிய படம் வரைந்து, மூலையில் சிவப்பில் ஒரு பெருக்கல் குறி போட்டிருந்தேன். நடவு முடித்துக் கரையேறிய ஒரு அக்காவிடம் காட்டி, "என்ன புரியுதுக்கா?" என்றேன்.

"கயிறு கட்டணும்னு போட்டிருக்கு தம்பி. பக்கத்துல செவப்பா இருக்கே, அது ஆஸ்பத்திரி குறிதானே?"

அன்றோடு கயிற்றுப் படத்தைத் தூக்கிவிட்டேன். தவறான செயலை வரைந்தால் கண்ணில் நிற்பது அந்தச் செயல்தான், மேலே போட்ட கோடு நிற்பதில்லை. இப்போது அந்த இடத்தில் இரண்டு பேர் கயிற்றுக் கட்டிலோடு ஆளைத் தூக்கிப்போகும் படம் இருக்கிறது. வட்டம், கோடு, நீள்சதுரம் மூன்றைச் சேர்த்தே வரைந்தது. முண்டாசு மட்டும் கொஞ்சம் கோணல், இருக்கட்டும்.

4. எழுத்துரு

முக்தா மலர், ஹிந்த் மதுரை, நோட்டோ சான்ஸ் தமிழ் ஆகியவை கூகுள் ஃபான்ட்ஸில் இலவசமாகக் கிடைக்கும் யூனிகோட் எழுத்துருக்கள். தடித்த வகையை எடுங்கள். மெல்லியதை எடுத்தால் ஜெராக்ஸில் புள்ளி காணாமல் போய் 'கட்டில்' என்பது 'கடடில' ஆகிவிடும். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து போட்டாலும் மை பரவிப் புள்ளி அடைபடும்.

வரிகளுக்கு நடுவே தாராளமாக இடம் விடுங்கள். மேலே 'கீ'யின் சுழியும் கீழே 'கூ'வின் வளைவும் முட்டிக்கொள்ளக் கூடாது. தலைப்பு 120 பாயின்ட் அளவு, மற்றவை 40க்குக் குறையாமல். சுவரில் ஒட்டி ஆறடி தள்ளி நின்று படித்துப் பாருங்கள், கண்ணாடியைக் கழற்றிவிட்டு.

5. அச்சகத்துக்குப் போகும் முன்

கோப்பை அப்படியே கொடுத்தால், அச்சகக் கணினியில் அந்த எழுத்துரு இல்லாமல் 'கொ'வின் கொம்பும் காலும் ஆளுக்கொரு பக்கம் போய் நிற்கும். ஒருமுறை இப்படி ஐம்பது பிரதி வீணானது, சரிபார்க்காதது என் தப்பு. எழுத்துகளைத் தேர்ந்தெடுத்து பாத் மெனுவில் 'ஆப்ஜெக்ட் டு பாத்' கொடுங்கள். எழுத்தெல்லாம் வடிவமாகிவிடும், எங்கும் மாறாது. அதன்பின் திருத்தவும் முடியாது. ஆகவே அசல் கோப்பை வேறு பெயரில் வைத்துக்கொண்டு, இதை பிடிஎஃப்பாகச் சேமியுங்கள். ஓரம் வெட்டுவதற்குச் சுற்றிலும் 3 மி.மீ. கூடுதல்.

அதற்கும் முன்னால் வரைவை ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் காட்டுங்கள். மருத்துவச் செய்தியில் நம் யூகத்துக்கு இடமில்லை.

6. ஒட்டுவது

முதலில் இருபது பிரதி போதும், லேமினேட் செய்து. ரேஷன் கடை, பம்புசெட் கொட்டகைக் கதவு, நெல் கொள்முதல் நிலையம், டீக்கடை. ஒரு வாரம் கழித்துப் போய்ப் பாருங்கள். நான் போனபோது டீக்கடையில் 108இன் மேல் ஒரு வாழைத்தார் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டடி தள்ளி, பாய்லருக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டு வந்தேன்.