கம்ப்யூட்டர் திடீர்னு பேச ஆரம்பிச்சா பண்ணக்கூடாத தப்புங்க

கீபோர்டை துணியால தொடைக்கும்போது இல்ல சின்னப் பிள்ளைங்க கை பட்டு கம்ப்யூட்டர் தானா பேச ஆரம்பிச்சிடும், ஸ்க்ரீன்ல இருக்கறதை எல்லாம் வரிசையா படிக்கும், எங்க க்ளிக் பண்ணாலும் சுத்தி ஒரு நீலக் கட்டம் வரும். விண்டோஸ்ல இதுக்குப் பேர் நாரேட்டர். கண்ணு தெரியாதவங்களும் பார்வை மங்குனவங்களும் காதால கேட்டு கம்ப்யூட்டர்ல வேலை பாக்கணும்னு விண்டோஸ் 2000ல இருந்தே கூட வர்ற விஷயம். கன்ட்ரோல், விண்டோஸ் பட்டன், என்டர் மூணையும் சேத்து ஒரே ஒரு தடவை அமுக்குங்க, நின்னுடும்.

இது தெரியாம வைரஸ் வந்துடுச்சுன்னு பதறுறதுதான் பெரிய தப்பு, அதுவும் வீட்டுல தனியா இருக்கற பெரியவங்க பதறிட்டா கூகிள்ல தேடி கண்ல பட்ட ஏதோ ஒரு நம்பருக்கு போன் போட்டுடுவாங்க, அந்தப் பக்கம் இருக்கறவன் "நான் சரி பண்றேன் ஆன்ட்டி, இந்த ஆப்பை போடுங்க"ன்னு சொல்லி கம்ப்யூட்டருக்குள்ளயே வந்துடுவான். ஒண்ணு புரிஞ்சுக்கோங்க, நாரேட்டர் சும்மா ஸ்க்ரீன்ல இருக்கற பட்டன் பேரு, எழுத்து இதைத்தான் படிக்கும். "உங்க கம்ப்யூட்டர் லாக் ஆயிடுச்சு, இந்த நம்பரை கூப்பிடுங்க"ன்னு ஒரு குரல் மிரட்டுச்சுன்னா அது ஏமாத்துக்காரன் போட்ட வெப் பேஜ். ஆல்ட்டும் எஃப்4ம் அமுக்கி மூடுங்க, மூடலைன்னா கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் சேத்து அமுக்கி டாஸ்க் மேனேஜர்ல அந்த பிரவுசரை நிறுத்திடுங்க. சந்தேகம்னா சிங்கப்பூர்ல ஏமாத்து வேலையைப் பத்திக் கேக்கறதுக்கு ஸ்கேம்ஷீல்டு ஹாட்லைன் 1799 இருக்கு. பேங்க் விவரமோ சிங்பாஸ் (அரசாங்க சேவைக்கு லாகின் பண்ற அடையாளம்) விவரமோ ஏற்கனவே குடுத்துட்டீங்கன்னா முதல்ல பேங்குக்கு போன் பண்ணி கணக்கை நிறுத்தச் சொல்லுங்க, மத்ததெல்லாம் அப்புறம்.

அடுத்து, நிக்கலையேன்னு அந்த மூணு பட்டனையும் படபடன்னு திரும்பத் திரும்ப அமுக்கறது. ஆன் பண்றதும் ஆஃப் பண்றதும் ஒரே பட்டன்தான், அதனால ரெண்டாவது தடவை அமுக்குனா நிறுத்துனது திரும்ப ஆன் ஆயிடும், பழைய மெஷின்ல அது கிளம்பவே கொஞ்ச நேரம் ஆகும், அதுக்குள்ள இன்னொரு தடவை அமுக்கிடுவோம். ஒரு தடவை அமுக்கிட்டு பொறுங்க. குரல் காதைக் குடைஞ்சா கன்ட்ரோலை மட்டும் தட்டுங்க, அப்போதைக்கு பேச்சு நிக்கும்.

ஸ்பீக்கரை மியூட் பண்ணிட்டு முடிஞ்சதுன்னு நினைக்கறவங்களும் நிறைய பேரு. சத்தம்தான் போயிருக்கு, நாரேட்டர் உள்ள ஓடிக்கிட்டேதான் இருக்கு. கேப்ஸ் லாக் வேலை செய்யாது ஏன்னா அந்தப் பட்டனை நாரேட்டர் தன்னோட கட்டளைக்கு எடுத்துக்கும், பிரவுசர்ல எச்னு தட்டுனா அடுத்த தலைப்புக்கு தாவும், கீபோர்டு கெட்டுப்போச்சுன்னு சிம் லிம் ஸ்கொயர் கம்ப்யூட்டர் கடைங்களுக்கு லேப்டாப்பைத் தூக்கிட்டுப் போக வேண்டியதே இல்ல.

இன்னைக்கு நிறுத்துனது நாளைக்கு ஆன் பண்ணா திரும்ப பேசுதா? செட்டிங்ஸ்ல அக்சசிபிலிட்டி, அதுல நாரேட்டர் (விண்டோஸ் 10ல ஈஸ் ஆஃப் அக்சஸ்). சைன் இன் பண்றதுக்கு முன்னாடியும் பின்னாடியும் தானா ஆரம்பிக்கற டிக் ரெண்டு இருக்கும், ரெண்டையும் பாருங்க. அடிக்கடி கை பட்டு வருதுன்னா கீபோர்டு ஷார்ட்கட்டையும் அங்கயே ஆஃப் பண்ணிடலாம். சிலர் நாரேட்டர் ஃபைலையே அழிச்சிடுங்க, பேரை மாத்திடுங்கன்னு சொல்வாங்க, தயவுசெஞ்சு அதைச் செய்யாதீங்க. ஒரு டிக் எடுத்தா போற விஷயத்துக்கு சிஸ்டம் ஃபைல்ல கை வைக்கறது தேவையே இல்ல.

மேக்ல இதுக்குப் பேர் வாய்ஸ்ஓவர், கமாண்டும் எஃப்5ம், சில கீபோர்டுல கூட எஃப்என் அமுக்கணும். பிள்ளைங்க ஸ்கூல் படிப்புக்கு வச்சிருக்கற பிஎல்டி கம்ப்யூட்டர் குரோம்புக்கா இருந்தா கன்ட்ரோல், ஆல்ட், இசட். ஐபேட்லதான் ரொம்ப பேரு மாட்டிக்கறாங்க, ஏன்னா தட்டுனா திறக்கவே மாட்டேங்குது. வாய்ஸ்ஓவர் ஓடும்போது ஒரு தட்டு தட்டுனா படிக்க மட்டும்தான் செய்யும், திறக்கறதுக்கு ரெண்டு தடவை தட்டணும், கீழ போறதுக்கு மூணு விரலால தள்ளணும். பேசுனா கேட்டுச் செய்யற சிரி (Siri) ஆன்ல இருந்தா அதுகிட்டயே வாய்ஸ்ஓவரை ஆஃப் பண்ணச் சொல்லிடலாம்.

வீட்டுல எல்லாருக்கும் பொதுவான கம்ப்யூட்டர்னா நிரந்தரமா ஆஃப் பண்றதுக்கு முன்னாடி கேளுங்க. கண்ணுல பிரச்சினை இருக்கற பாட்டியோ அப்பாவோ அதை நம்பித்தான் உக்காருறாங்கன்னா அவங்களுக்குத் தனியா ஒரு லாகின் போட்டுக் குடுங்க. சைன் இன்னுக்கு அப்புறம்ங்கற டிக் அந்தந்த லாகினுக்கு மட்டும்தான், முன்னாடிங்கற டிக் எல்லாருக்கும் பொது, அதை எடுத்துட்டா அவங்க பாஸ்வேர்டு போடற இடத்துலயே குரல் இல்லாம நின்னுடுவாங்க. விண்டோஸ்ல வள்ளுவர்னு ஒரு தமிழ்க் குரல் இருக்கு, அதையும் அவங்க லாகின்ல போட்டுக் குடுத்தீங்கன்னா தமிழ்ச் செய்தியையும் அவங்களே கேட்டுப்பாங்க.