வெளி டிரைவிலிருந்து பூட் செய்யப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அதற்கப்புறம், வீட்டில் கிடக்கும் பழைய லேப்டாப்பில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுப் பார்க்கலாமா என்று யோசிக்கிறவர்கள் நிறையப் பேர். நல்ல யோசனைதான். பென்டிரைவிலோ வெளி எஸ்எஸ்டியிலோ இருந்து பூட் செய்து பார்த்தால், அதாவது கணினியை அதிலிருந்தே தொடங்கிப் பார்த்தால், உள்ளே இருக்கும் விண்டோஸைத் தொடாமலேயே புதிதாக ஒன்றைப் பழகிப் பார்க்கலாம். ஆனால் அந்த 'தொடாமலேயே' தானாக நடக்காது, நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த வேலையில் வரும் தவறுகளில் சில நம் நேரத்தை மட்டும் வீணாக்கும், திரும்பச் செய்தால் சரியாகிவிடும். வேறு சில, உள்ளே இருக்கும் டிஸ்க்கிலேயே கை வைத்துவிடும், அதில் இருக்கும் படங்களும் கணக்குகளும் போனால் போனதுதான். இரண்டாவது வகையைத்தான் இங்கே விரிவாகச் சொல்லப் போகிறேன்.

முதல் தவறு, பிட்லாக்கர் சாவி கையில் இல்லாமல் பயாஸுக்குள் நுழைவது. பிட்லாக்கர் என்பது டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி, பயாஸ் என்பது விண்டோஸ் தொடங்கும் முன் நுழையக்கூடிய கணினியின் அமைப்புத் திரை. "நான் பிட்லாக்கரே போடவில்லையே" என்று பலரும் சொல்வார்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கு போட்டு விண்டோஸைத் தொடங்கிய பல புதிய லேப்டாப்களில் டிவைஸ் என்கிரிப்ஷன் என்ற பெயரில் அதே பூட்டு நம்மைக் கேட்காமலேயே இயங்கிக்கொண்டிருக்கும். செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி பகுதிக்குள் போனால் அது ஆனா ஆஃபா என்று தெரியும். ஆனாக இருக்கும் கணினியில் பயாஸுக்குள் போய் செக்யூர் பூட்டை (கையொப்பமிட்ட நிரலை மட்டும் தொடங்கவிடும் பாதுகாப்பை) அணைத்துவிட்டால், அடுத்த முறை விண்டோஸ் நீலத் திரையோடு நின்று 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். டிஸ்க்கைத் திறக்கும் சாவி டிபிஎம் என்ற பாதுகாப்பு சிப்புக்குள் இருக்கிறது, கணினி வழக்கமான முறையில் தொடங்கினால்தான் அந்த சிப் சாவியை விடும், செக்யூர் பூட் மாறினால் அதற்கு அது வழக்கமான தொடக்கம் இல்லை. அணைத்ததைத் திரும்பப் போட்டால் பெரும்பாலும் பழையபடி திறந்துவிடும், ஆனால் அதை நம்பி இறங்க வேண்டாம். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்த 48 இலக்கச் சாவி இருக்கும், அதை எடுத்து ஒரு தாளில் எழுதியோ போனில் படம் பிடித்தோ வைத்துக்கொண்டு அப்புறம் தொடங்குங்கள். பயாஸில் 'கிளியர் டிபிஎம்' என்று ஒன்று இருக்கும். அந்தப் பக்கமே போகாதீர்கள்.

இதில் வருத்தமான விஷயம் என்னவென்றால், பெரும்பாலானோருக்கு செக்யூர் பூட்டை அணைக்கவே தேவையில்லை. உபுண்டு, ஃபெடோரா, லினக்ஸ் மின்ட், டெபியன் என்ற லினக்ஸ் வகைகள் எல்லாமே மைக்ரோசாஃப்ட் கையொப்பமிட்ட ஒரு சிறு பூட் நிரலோடுதான் வருகின்றன, செக்யூர் பூட் ஆனாக இருக்கும்போதே ஓடும். ஆர்ச் மாதிரி சிலவற்றுக்குத்தான் அணைக்க வேண்டியிருக்கும். சில புதிய லேப்டாப்களில் மட்டும், மூன்றாம் தரப்புச் சான்றிதழை ஏற்கலாம் என்ற ஒரு தேர்வு பயாஸில் தனியாக இருக்கும், அது ஆஃபில் இருந்தால் உபுண்டுவும் ஓடாது. அந்தத் தேர்வை மட்டும் ஆன் செய்தால் போதும், ஆனால் அதுவும் செக்யூர் பூட் சார்ந்த மாற்றம்தான், சாவி கையில் இருக்கட்டும். பழைய வழிகாட்டி எதையோ படித்துவிட்டு முதல் வேலையாகச் செக்யூர் பூட்டை அணைப்பது இன்றைக்குப் பெரும்பாலும் வீண் வேலை.

இரண்டாவது, விண்டோஸை 'ஷட் டவுன்' கொடுத்து அணைத்துவிட்டு பென்டிரைவில் பூட் செய்வது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி இருப்பதால், ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை, தன் கெர்னலின் (மையப் பகுதியின்) நிலையை டிஸ்க்கில் எழுதிவைத்துவிட்டுத் தூங்குகிறது. அந்த நிலையில் லினக்ஸில் நுழைந்து சி டிரைவைத் திறந்தால் ஒன்று திறக்க மறுக்கும், இல்லையென்றால் படிக்க மட்டும் விடும். கட்டாயப்படுத்தித் திறந்து ஃபைல்களை மாற்றினால், விண்டோஸ் எழுந்ததும் தன் பழைய நினைவோடு எழுதத் தொடங்கிவிடும், ஃபைல்கள் கெட்டுப்போகும். ஷிஃப்டை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுங்கள், அல்லது ரீஸ்டார்ட் கொடுங்கள். ரீஸ்டார்ட் எப்போதுமே முழுதாக அணைத்துத்தான் தொடங்கும். ஷிஃப்டோடு ரீஸ்டார்ட் கொடுத்தால் இன்னும் நல்லது, 'யூஸ் எ டிவைஸ்' என்று ஒரு திரை வரும், அதில் பென்டிரைவைத் தேர்ந்தெடுத்துவிட்டால் எந்த எஃப் கீ என்று தேட வேண்டியதே இல்லை.

கணினி ஆனாகும்போது, எந்த டிரைவிலிருந்து தொடங்கலாம் என்று கேட்கும் பூட் மெனுவைத் திறக்கும் கீ பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். டெல், லெனோவோவில் எஃப்12, ஹெச்பியில் எஃப்9, ஆசுஸ் லேப்டாப்பில் எஸ்கேப், எம்எஸ்ஐயில் எஃப்11. ஏசரிலும் எஃப்12தான், ஆனால் பல மாடல்களில் முதலில் எஃப்2 அழுத்தி பயாஸுக்குள் போய் அந்த மெனுவை ஆன் செய்தால்தான் அது வேலை செய்யும். பென்டிரைவை முதலில் தேடும்படி பூட் வரிசையையே நிரந்தரமாக மாற்றிவைக்காதீர்கள், ஒருமுறைக்கான மெனுவே போதும்.

சரி, பென்டிரைவ் தயாரிக்கும் இடத்துக்கு வருவோம். டவுன்லோட் செய்த லினக்ஸின் ஐஎஸ்ஓ ஃபைலை அப்படியே காப்பி பேஸ்ட் செய்துவிட்டு "பூட் ஆகவில்லை" என்பது மிகச் சாதாரணமான தவறு. ரூஃபஸ், எட்சர் போன்ற ஒரு மென்பொருளை வைத்து அதை எழுத வேண்டும். வென்டாய் என்ற மென்பொருள் போட்ட பென்டிரைவில் மட்டும்தான் ஐஎஸ்ஓவை வெறுமனே காப்பி செய்தால் போதும், அதைப் பார்த்துவிட்டு எல்லாப் பென்டிரைவிலும் அப்படித்தான் என்று நினைத்துக்கொள்கிறார்கள். டவுன்லோட் ஆன ஃபைல் சரியாக வந்திருக்கிறதா என்று எஸ்ஹெச்ஏ256 எண்ணை (ஃபைலின் கைரேகை மாதிரி) ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள், பாதியில் அறுந்த டவுன்லோடோடு ஒரு மாலை முழுவதும் போராட வேண்டாம்.

இந்தக் கட்டத்தின் உண்மையான ஆபத்து, தவறான டிரைவில் எழுதுவது. ரூஃபஸ் வழக்கமாகப் பென்டிரைவ்களை மட்டுமே காட்டும், அது நம்மைக் காப்பாற்றத்தான். வெளி எஸ்எஸ்டியில் எழுத நினைப்பவர்கள் அது பட்டியலில் வரவில்லையே என்று, யூஎஸ்பி ஹார்ட் டிரைவ்களையும் காட்டு என்ற தேர்வை டிக் செய்வார்கள். அந்த நொடியில், பேக்கப்புக்காகச் சொருகியிருந்த இன்னொரு ஹார்ட் டிஸ்க்கும் அதே பட்டியலில் வந்து உட்கார்ந்துவிடும். எதையோ தேர்ந்தெடுத்து, வந்த எச்சரிக்கையைப் படிக்காமல் ஓகே கொடுத்தால் பேக்கப்பே காலி. லினக்ஸில் டிடி கமாண்டை வைத்து எழுதுபவர்களுக்கு அந்த எச்சரிக்கைகூடக் கிடையாது. லினக்ஸில் டிஸ்க்குகளுக்கு எஸ்டிஏ, எஸ்டிபி என்பது மாதிரிதான் பெயர். எஸ்டிபி என்று போட வேண்டிய இடத்தில் எஸ்டிஏ என்று ஓர் எழுத்து மாறினால், கேள்வியே கேட்காமல் அந்த டிஸ்க்கின் தலையிலிருந்து எழுதத் தொடங்கிவிடும். இந்தப் பெயர்கள் ஒவ்வொரு பூட்டுக்கும் மாறக்கூடியவை, நேற்று எஸ்டிபியாக இருந்தது இன்றைக்கும் அதுவாகவே இருக்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எழுதப்போகும் டிரைவைத் தவிர மற்ற எல்லா வெளி டிரைவ்களையும் கழற்றிவிட்டு, அளவையும் மாடல் பெயரையும் ஒருமுறை பார்த்துவிட்டு எழுதுங்கள். வேறு பாதுகாப்பு எதுவும் இதற்கு ஈடாகாது.

எட்சரில் எழுதி முடித்ததும் விண்டோஸ் சில நேரம் ஒரு பெட்டியைக் காட்டும்: இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த ஃபார்மேட் செய்ய வேண்டும், செய்யட்டுமா? பயந்துபோய் ஆமாம் என்று கொடுத்துவிடாதீர்கள். எழுதப்பட்ட லினக்ஸ் பார்ட்டிஷனை (டிஸ்க்கின் பிரிவை) விண்டோஸால் படிக்க முடியாததால் வரும் கேள்வி அது, பென்டிரைவ் நன்றாகத்தான் இருக்கிறது. கேன்சல் கொடுத்துவிட்டுக் கழற்றுங்கள். ஃபார்மேட் கொடுத்துவிட்டு, பென்டிரைவ் மோசம் என்று கடைக்குத் திருப்பிக்கொண்டு போகிறவர்களும் உண்டு.

அடுத்தது யூஇஎஃப்ஐயும் லெகஸியும். கணினி தொடங்கும் புதிய முறை யூஇஎஃப்ஐ, பழைய முறை லெகஸி. பூட் மெனுவில் ஒரே பென்டிரைவ் இரண்டு தடவை தெரியும், ஒன்றின் முன்னால் யூஇஎஃப்ஐ என்று இருக்கும், மற்றொன்றில் இருக்காது. விண்டோஸ் எந்த முறையில் நிறுவப்பட்டிருக்கிறதோ அதே முறையில்தான் பென்டிரைவையும் பூட் செய்ய வேண்டும். விண்டோஸின் சிஸ்டம் இன்ஃபர்மேஷனைத் திறந்தால் 'பயாஸ் மோட்' என்ற வரியில் எது என்று தெரிந்துவிடும். சும்மா பார்ப்பதற்கு இது பெரிய விஷயமில்லை, ஆனால் நிறுவும்போது மாறிப்போனால் விண்டோஸும் லினக்ஸும் ஒன்றையொன்று கண்டுகொள்ளாது. 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில் வந்தது போன்ற பழைய கணினி என்றால், ரூஃபஸில் ஜிபிடி என்ற புதிய பார்ட்டிஷன் முறையில் எழுதியது பூட் ஆகவில்லை என்றவுடன் பழைய முறையான எம்பிஆர் வைத்து எழுதிப் பாருங்கள், பெரும்பாலும் அதுதான் காரணமாக இருக்கும்.

பென்டிரைவ் வரவில்லை என்பதற்காகப் பயாஸில் கண்ணில் பட்டதையெல்லாம் மாற்றிப் பார்க்கவும் கூடாது. டிஸ்க்கோடு கணினி பேசும் முறையான சாட்டா மோடை ரெய்டிலிருந்து ஏஹெச்சிஐக்கு மாற்றினால் விண்டோஸ் நீலத் திரையில் விழும். லெகஸி முறைக்கு இடம்தரும் சிஎஸ்எம்மை மாற்றினால் விண்டோஸ் டிஸ்க்கையே காணோம் என்று சொல்லலாம். இரண்டிலும் டேட்டா அப்படியேதான் இருக்கும், மாற்றியதைத் திரும்ப மாற்றினால் விண்டோஸ் வந்துவிடும். இது தெரியாமல் எல்லாம் போய்விட்டது என்று கலங்கி டிஸ்க்கை ஃபார்மேட் செய்துவிடுகிறவர்களை நினைத்தால்தான் மனசு கேட்பதில்லை. ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன் பயாஸ் திரையைப் போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள்.

லைவ் பென்டிரைவில், அதாவது எதையும் நிறுவாமல் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்துப் பிடித்துப்போய், வெளி எஸ்எஸ்டியிலேயே லினக்ஸை நிறுவிவிடலாம் என்று முடிவு செய்பவர்கள் விழும் குழி வேறு. இன்ஸ்டாலரில் வெளி டிஸ்க்கைச் சரியாகத்தான் தேர்ந்தெடுத்திருப்பார்கள், எல்லாம் நன்றாக ஓடும். மறுநாள் எஸ்எஸ்டியைக் கழற்றிவிட்டு ஆபீஸுக்குப் போய் லேப்டாப்பை ஆன் செய்தால், கறுப்புத் திரையில் 'கிரப்' என்ற ஒரே ஒரு வார்த்தை, பக்கத்தில் மினுக்கும் கர்சர். விண்டோஸைக் காணோம். நடந்தது இதுதான்: இன்ஸ்டாலர் லினக்ஸை வெளி டிஸ்க்கில் போட்டுவிட்டு, பூட்லோடரை (கிரப் என்ற தொடக்க நிரலை) மட்டும் உள்ளே ஏற்கெனவே இருந்த இஎஃப்ஐ பார்ட்டிஷனில் (தொடக்க நிரல்கள் இருக்கும் சிறு பிரிவில்) எழுதி, தன்னையே முதல் ஆளாகவும் வைத்துக்கொண்டுவிட்டது. அந்த பூட்லோடர் தேடும் மீதி ஃபைல்கள் கழற்றிய எஸ்எஸ்டியில் இருக்கின்றன. உபுண்டுவின் பழைய இன்ஸ்டாலரில், பூட்லோடருக்கு வெளி டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தாலும் இது நடக்கும்.

பயப்பட வேண்டாம், பயாஸின் பூட் வரிசையில் விண்டோஸ் பூட் மேனேஜரை மேலே கொண்டுவந்தால் விண்டோஸ் எழுந்துவிடும். ஆனால் இன்னொரு பாதிப்பும் இதே தவறில் இருக்கிறது, அந்த எஸ்எஸ்டி வேறு எந்தக் கணினியிலும் பூட் ஆகாது, அதில் பூட்லோடரே இல்லையே. எங்கும் எடுத்துப் போகலாம் என்றுதானே வெளி டிஸ்க்கில் போட்டோம்! டெஸ்க்டாப் என்றால், நிறுவும் நேரத்துக்கு மட்டும் உள்ளே இருக்கும் டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிடுங்கள், இதைவிட நிம்மதியான வழி இல்லை. லேப்டாப்பில் சில மாடல்களின் பயாஸிலேயே உள் டிஸ்க்கை அணைத்துவைக்க முடியும். இரண்டும் முடியாது என்றால், லைவ் லினக்ஸில் பார்ட்டிஷன்களை மாற்ற உதவும் ஜிபார்ட்டெட்டைத் திறந்து உள் டிஸ்க்கின் இஎஃப்ஐ பார்ட்டிஷனில் இருக்கும் இஎஸ்பி, பூட் என்ற கொடிகளை (ஃப்ளாக்)த் தற்காலிகமாக எடுத்துவிட்டு, வெளி டிஸ்க்கில் தனியாக ஓர் இஎஃப்ஐ பார்ட்டிஷன் வைத்து நிறுவுங்கள். முடிந்ததும் அந்தக் கொடிகளை மறக்காமல் திரும்பப் போடுங்கள்.

விண்டோஸை வெளி டிஸ்க்கில் போட நினைத்தால், அதன் இன்ஸ்டாலரே யூஎஸ்பி டிஸ்க்கில் நிறுவ முடியாது என்று சொல்லிவிடும். யூஎஸ்பி டிரைவிலிருந்தே விண்டோஸை ஓட்டுவதற்காக விண்டோஸ் 8 காலத்தில் வந்த விண்டோஸ் டு கோவையும் 2020-இல் வந்த விண்டோஸ் 10-இன் 2004 பதிப்போடு மைக்ரோசாஃப்ட் நீக்கிவிட்டது. ரூஃபஸில் இன்னும் அந்த வழி இருக்கிறது, ஆனால் பென்டிரைவில் அல்ல, எஸ்எஸ்டியில் மட்டும் முயலுங்கள்.

சாதாரணப் பென்டிரைவில் முழு இயங்குதளத்தை நிறுவி தினசரி ஓட்டுவது, விண்டோஸோ லினக்ஸோ எதுவாக இருந்தாலும், சரியில்லை. அது பெரிய ஃபைல்களைக் காப்பி செய்யத்தான் பொருத்தம், இயங்குதளம் சின்னச் சின்னதாக ஓயாமல் எழுதும்போது திணறும், சூடாகும், சீக்கிரம் தேய்ந்துபோகும். நல்ல எஸ்எஸ்டி வைத்திருந்தாலும் எந்த போர்ட்டில் சொருகுகிறோம் என்பது முக்கியம். யூஎஸ்பி 2-இன் வேகம் நொடிக்கு 480 மெகாபிட், யூஎஸ்பி 3-இல் 5 ஜிகாபிட். மின்சாரமும் முன்னதில் 500 மில்லிஆம்பியர், பின்னதில் 900. பழைய டெஸ்க்டாப்பின் முன்பக்க போர்ட்டில் சொருகிய ஹார்ட் டிஸ்க் பாதியில் நின்றுபோனால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அப்புறம், லைவ் முறையில் டெஸ்க்டாப்பில் சேமித்தது எதுவும் அணைத்தபின் இருக்காது. ரூஃபஸில் எழுதும்போதே சேமித்ததைத் தக்கவைக்கும் பெர்சிஸ்டன்ட் பார்ட்டிஷனுக்கு இடம் ஒதுக்கியிருந்தால்தான் தங்கும். பிள்ளைகளின் ப்ராஜெக்ட்டை லைவ் பென்டிரைவில் செய்யவிடும் முன் இதைச் சொல்லிக்கொடுத்துவிடுங்கள்.

மேக் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. டி2 என்ற ஆப்பிளின் பாதுகாப்பு சிப் உள்ள இன்டெல் மேக்குகள் வெளி டிரைவிலிருந்து பூட் ஆவதைத் தொடக்கத்திலேயே தடுத்துவைத்திருக்கும். ரெக்கவரியில் (மேக்கின் மீட்பு முறையில்) நுழைந்து ஸ்டார்ட்அப் செக்யூரிட்டி யுடிலிட்டியில் அனுமதி தர வேண்டும், அதற்கு அட்மின் பாஸ்வேர்டு தேவை. உள்ளே இருக்கும் மேக்ஓஎஸ் கெட்டுப்போன பிறகு இதைச் செய்யப் போனால் சிக்கல்தான், இப்போதே செய்துவையுங்கள். 2020-இல் வந்த எம்1 முதலான மேக்குகளில் பவர் பட்டனை அழுத்திப் பிடித்தால் பூட் தேர்வுகள் வரும், வெளி டிரைவில் உள்ள மேக்ஓஎஸும் ஓடும். ஆனால் உள் எஸ்எஸ்டியே செத்துவிட்டால் வெளி டிரைவ் உதவாது, ஏனென்றால் தொடக்கத்தின் முதல் கட்டங்கள் அந்த உள் எஸ்எஸ்டியில்தான் நடக்கின்றன. வெளியே ஒரு பூட் டிரைவ் இருக்கிறது என்ற நம்பிக்கையில் டைம் மெஷின் பேக்கப்பை விட்டுவிடாதீர்கள்.

வேலை முடிந்து பென்டிரைவைப் பழையபடி ஆக்கும்போது, 32 ஜிபி பென்டிரைவ் வெறும் சில எம்பி மட்டும் காட்டும். விண்டோஸின் டிஸ்க்பார்ட் கமாண்டில் 'கிளீன்' போடச் சொல்லும் குறிப்புகள் நிறைய உண்டு, அது வேலை செய்யும், ஆனால் டிஸ்க் எண் மாறினால் உள் டிஸ்க்கின் பார்ட்டிஷன் அட்டவணை ஒரு நொடியில் போய்விடும். ரூஃபஸையே திறந்து, பூட் தேர்வில் 'நான் பூட்டபிள்' வைத்து ஸ்டார்ட் கொடுங்கள், முழு அளவும் திரும்பி வந்துவிடும்.